கீழே வராத ஒரு பிடி மண்

ஃபுவாலேயா தீவின் தலைவர் தௌகோலோ வானத்தைப் பார்த்து எறிந்த ஒரு பிடி மண், நூற்றிருபத்தெட்டு வருஷம் நாலு மாதம் கீழே வரவில்லை. டோங்காவின் அரசர் பெரிய தீவில் குனிந்து மண்ணை அள்ளி மேலே எறிந்து, இந்த நாட்டையும் இதன் ஜனங்களையும் கடவுளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னார் அல்லவா, அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் தௌகோலோ. அரசர் செய்ததை நாமும் செய்யாவிட்டால் நன்றாக இருக்காது என்று ஊர் நடுவில் நின்று அதே மாதிரி எறிந்தார். மண் இரண்டு தென்னை உயரத்துக்குப் போனது, அங்கேயே நின்றது. ஜனங்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, இருட்டியதும் அவரவர் வீட்டுக்குப் போய்க் கிழங்கு தின்று படுத்தார்கள். கடவுள் கையில் வாங்கிக்கொண்டார் என்றார் போதகர். அதற்கு நேர்கீழே தேவாலயம் கட்டினார்கள். மழைக்காலத்தில் அந்த மண்ணில் புல் முளைக்கும், வெயிலில் காயும். இரண்டு புயல்கள் எங்கள் தீவுக்கு வந்து, அதைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயின.

பெண்கள் மட்டும் இதை வேறு விதமாகச் சொல்லிக்கொண்டார்கள். எங்களிடத்தில் தம்பியைவிட அக்கா ஒரு படி மேல். தலைவனே ஆனாலும் அக்கா உள்ளே வந்தால் தரையில் இறங்கி உட்கார வேண்டும், அவளைக் கேட்காமல் ஒரு பன்றியை அறுக்கக் கூடாது. தௌகோலோவின் அக்கா ஃபூசி அன்றைக்குப் பவளப்பாறையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கூடையோடு திரும்பி வந்து மேலே பார்த்தாள். என்னைக் கேட்கவில்லையே என்று மட்டும் சொல்லிவிட்டு சமையலுக்குப் போனாள். பன்றிக்குக் கேட்கிறவன் தீவுக்குக் கேட்கவில்லை. அதனால்தான் மண் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நிற்கிறது என்பது பெண்களின் கணக்கு. இதை அவர்கள் பாய் முடையும்போது பேசுவார்கள், ஆண்கள் காதில் போடமாட்டார்கள்.

கடவுளுக்குக் கொடுத்த தீவு என்பதால் ஆட்சியும் தேவாலயத்திலிருந்துதான் நடந்தது. நாய் வரியும் கிணறு இறைக்கும் முறையும் பிரசங்க மேடையிலிருந்து அறிவிக்கப்படும். ஜெபம் எங்கே முடிந்தது, அறிவிப்பு எங்கே தொடங்கியது என்று தெரியாமல் பல பேர் நாய் வரிக்கும் ஆமென் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பது சட்டம். அன்றைக்குப் படகு இறக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, பெருக்கக் கூடாது, பந்து உதைக்கக் கூடாது. அன்றைக்குப் பேசி முடித்த கல்யாணம்கூடச் செல்லாது. உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டு என்று பெரிய தீவில் சொல்வார்கள். இருக்கலாம். எங்களுக்கு வந்த சட்டக் காகிதக் கட்டில் அந்தத் தாள் இல்லை.

ஊர் அதிகாரியும் தேவாலய மூப்பரும் ஒரே ஆள்தான், பெனிசிமானி. நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் ஒரு பாட்டிலைக் கொடுத்துச் சரிக்கட்டலாம். ஞாயிறு தவறாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தெருவைச் சுற்றி வந்து, வேலை செய்தவர் பெயரை எழுதி, மறுவாரம் மேடையில் வாசிப்பார். ஒருமுறை ஞாபகமறதியாகத் தன் வேலிப் படலைக் கட்டிவிட்டுத் தன் பெயரையே எழுதி வாசித்தார். தீவில் இயந்திரம் வைத்த படகுகள் இரண்டே. ஒன்று தேவாலயத்துப் படகு, அதன் கொட்டகைச் சாவி பெனிசிமானியின் கழுத்துக் கயிற்றில் இருக்கும். இன்னொன்று அவர் தம்பி கெபுவெலியுடையது, பழையது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறன்று மொதெகியாயின் மனைவிக்குப் பிரசவத்தில் குழந்தை குறுக்கே விழுந்துவிட்டது. கெபுவெலியின் படகு அப்போது ஓட்டை விழுந்து மணலில் கிடந்தது. மொதெகியாய் பெனிசிமானியின் காலைப் பிடித்தான். பெனிசிமானியும் அவனோடு மண்டியிட்டு அழுதார், ஜெபம் பண்ணினார், சாவியைக் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை ஆக அரைமணி இருக்கும்போது அவள் போய்விட்டாள். மொதெகியாய் அதற்குப் பிறகும் தேவாலயத்துக்கு வந்தான், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தான், பாடமாட்டான்.

போதகருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு வீட்டுக்கு வீடு முறை வைத்துப் போகும். அந்த வாரம் கெபுவெலி வீட்டு முறை. அவன் மனைவி இலைசானே சனிக்கிழமையே கிழங்கு உரித்து, கீரையில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டி, மண் அடுப்புக்குக் கல் அடுக்கிவிட்டாள். மீன்தான் குறை. போன முறை டின் இறைச்சி போட்டதைப் பற்றி யாரோ ஏதோ சொன்னார்கள் என்று அவளுக்கு மனத்தாங்கல். நல்ல மீனாக இரண்டு பிடித்துக்கொண்டு வா என்று அவள்தான் அவனை அனுப்பினாள். அவன் மதியம் போனான். சாயங்காலம் வரவில்லை. தேடிப் போக ஆள் சேர்ந்து பெனிசிமானியின் வீட்டு வாசலுக்கு வந்தபோது ஞாயிறு பிறந்திருந்தது.

விடிந்ததும் அவன் தெரிந்தான். அதுதான் கொடுமை. தெரியாமல் போயிருந்தால் விதி என்று அழுதிருக்கலாம். பவளப்பாறைக்கு வெளியே, தேவாலயத்தின் மேற்கு ஜன்னலுக்கு நேராக, இயந்திரம் செத்த படகு நீரோட்டத்தில் மெல்ல விலகிக்கொண்டிருந்தது. துடுப்பு இல்லை போலிருக்கிறது, தூண்டில் கம்பில் சட்டையைக் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தான். முதல் மணி அடித்தது. காற்று அந்தப் பக்கம்தான், அவனுக்கும் கேட்டிருக்கும். ஜனங்கள் கோவில் மரியாதைக்கு இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு வரிசையாக வந்தார்கள், கடலைப் பார்த்தார்கள், தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். இரண்டு மூன்று பேர் சிறு ஓடத்தை இறக்கப் பார்த்தார்கள், அலை பாறையில் அடித்து அதை உடைத்துப் போட்டது. பெரிய படகில்லாமல் தாண்ட முடியாது. இலைசானே தேவாலயப் படியில் பெனிசிமானியை மறித்தாள்.

"பெரியத்தான், அது உங்க தம்பி. நேத்து நான் துவைச்ச சட்டை, இங்கேருந்து தெரியுது."

"தெரியுதும்மா. எனக்கும் கண்ணு இருக்கு."

"அப்ப சாவியக் குடுங்க."

பெனிசிமானி கழுத்துக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார். "மொதெகியாய் பொண்டாட்டிக்கு நான் குடுக்கல. இன்னைக்கு என் தம்பிக்குன்னா திறந்துட்டேன்னு வை, அன்னைக்கு அவளக் கொன்னது நான்னு ஆயிடும்."

"ஆனது ஆனதுதானே பெரியத்தான்," என்றாள் இலைசானே. "இன்னும் ஒண்ணு எதுக்கு?"

அவர் உள்ளே போய், தன் இடத்தில் மண்டியிட்டார்.

அவள் பின்கட்டு வழியாகப் பாடகர் பெஞ்சுக்கு ஓடினாள். அங்கே இருந்தாள் தோவாகாசி, பெனிசிமானிக்கும் கெபுவெலிக்கும் அக்கா. பருத்த உடம்பு, எதற்கும் சிரிப்பாள், அவள் குரல் இல்லாவிட்டால் பாட்டு நொண்டும். தாய்வழித் தாய்வழியாகப் போனால் ஃபூசியில் முடிகிற வம்சம் அவளுடையது. ஆனால் வயது வந்த அக்காவும் தம்பியும் எங்களிடத்தில் ஒரு கூரையின் கீழ் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை, மரியாதை அப்படி. முப்பது வருஷமாக அவளுக்கும் பெனிசிமானிக்கும் நடுவில் ஆள் வைத்துத்தான் பேச்சு. அவள் வாய் திறந்தால் அவர் மறுக்க முடியாது, அதனாலேயே அவள் திறந்ததில்லை. இலைசானே அவள் மடியில் தலையை முட்டிக்கொண்டாள். "மதினி, நீங்க கேட்டா குடுத்துத்தான் ஆகணும். நீங்க கேளுங்க." தோவாகாசி ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள், பிறகு கூரையைப் பார்த்தாள். அவளுக்குப் பயம். தம்பியிடம் பேசுவது மட்டும் அல்லவே. தௌகோலோ கொடுத்ததில் கை வைக்க வேண்டும். அது போனால் இந்தத் தீவு யாருடையது, அடுத்த புயல் யாரைக் கேட்டு ஒதுங்கும்? அவள் இரண்டு பாட்டு முடியும்வரை யோசித்தாள். நாங்களும் ஜன்னல் பக்கம் பார்க்காமல் பாடினோம்.

மூன்றாவது பாட்டு அவள் தொடங்க வேண்டியது. அவள் எழுந்தாள், பாடவில்லை.

"பெனிசிமானி," என்று கூப்பிட்டாள். "தௌகோலோ குடுத்தப்ப ஃபூசியக் கேக்கல. அவ வழியில வந்தவ நான், என்னையும் இதுவரைக்கும் யாரும் கேக்கல. கேக்காமக் குடுத்தது செல்லாது. நான் திரும்பக் கேக்கறேன். சாவியக் குடு."

மண் விழுந்தது. தகரக் கூரையைப் பொத்துக்கொண்டு மேடைக்கு முன்னால், ஒரு பிடி போய் ஒரு சட்டி அளவாகி, புல்லோடும் ஈரத்தோடும் விழுந்து கிடந்தது. ஒரு குழந்தை தும்மியது. பெனிசிமானி அக்காவின் முன் தரையில் உட்கார்ந்து கயிற்றைக் கழற்றி நீட்டினார். அதை வாங்க மூன்றாவது பெஞ்சிலிருந்து மொதெகியாய் எழுந்து வந்தான். ஏசியிருந்தால் பெனிசிமானி தாங்கியிருப்பார். அவன் சாவியை வாங்கிக்கொண்டு ஓடினான்.

படகைத் தண்ணீரில் இறக்கும்போது வெள்ளைச் சட்டை ஒரு புள்ளியாக இருந்தது. பாறையைத் தாண்டும்போது அதுவும் இல்லை. மொதெகியாயும் இன்னும் மூன்று பேரும் இரவெல்லாம் தேடி, திங்கட்கிழமை காலையில் கெபுவெலியின் படகைக் கண்டுபிடித்தார்கள். கம்பில் சட்டை இருந்தது. இலையில் சுற்றிய இரண்டு மீன் இருந்தது, நல்ல பெரிய மீன், கெட்டுப்போயிருந்தது. அவன் இல்லை. மணிச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு, யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்து நீந்தப் பார்த்திருப்பான்.

சாவு வீட்டில் அக்கா சொல்வதுதான் சட்டம். போதகர் வந்து, மண்ணைத் திரும்ப எறிந்து கடவுளுக்கே கொடுத்துவிடலாம், இந்த முறை முறைப்படி என்று தோவாகாசியிடம் கேட்டார். ஊரே அதைத்தான் விரும்பியது, வானத்தில் அந்த இடம் காலியாக இருப்பதைப் பார்க்க எல்லோருக்கும் பயமாக இருந்தது. தோவாகாசி மண்ணைப் பாயில் வாரி இலைசானேயின் கையில் கொடுத்தாள். குடுக்கறதும் வச்சுக்கறதும் இனிமே இவ இஷ்டம் என்றாள். பிணம் இல்லாத குழியில் இலைசானே அந்தச் சட்டையை வைத்தாள், அதன் மேல் மண்ணைக் கொட்டினாள், போதும் என்றாள். மேலே வெள்ளை மணலைக் குவித்து, ஓரத்தில் கறுப்புக் கூழாங்கல் பதித்து, எங்கள் வழக்கப்படி தலைமாட்டில் கம்பளி விரிப்பைக் கட்டித் தொங்கவிட்டோம்.

அடுத்த ஞாயிறு இரண்டாவது மணி அடித்தபோது அந்த மணல் மேடு தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி நின்றது. ஆராதனை முடிந்ததும் இறங்கியது. பள்ளிக்கூட அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள், ஒன்பது அங்குலம். அது முதல் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. புயல் ஒன்று வந்தது, ஒதுங்காமல் வாழைகளை முறித்துப் போட்டுப் போனது, நட்டுக்கொண்டோம். ஞாயிறு இன்னும் சட்டம்தான். கொட்டகைச் சாவி மட்டும் தேவாலயக் கதவில் ஓர் ஆணியில் தொங்குகிறது, அதை யார் மாட்டினார் என்று யாரும் கேட்கவில்லை.

மேடு எழும்பி நிற்கும் நேரத்தில் அதன் அடியில் காய்ந்த பூவும் இலையும் சேர்ந்திருப்பது தெரியும். மற்ற நாளில் அங்கே கை போகாது. அதனால் இலைசானே ஞாயிற்றுக்கிழமைதான் ஈர்க்குமாறு எடுத்துக்கொண்டு போய், குனிந்து, அதன் அடியில் பெருக்குகிறாள். பெனிசிமானி நோட்டுப் புத்தகத்தோடு அந்த வழியாகத்தான் வருகிறார். நின்று பார்க்கிறார். அவள் பெருக்கி முடிக்கும்வரை விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார். பெயரை எழுதுவதில்லை, இரண்டு பெயரையும்.