ஓடச்சீட்டு

கோட்டைச்சாமி தமக்கு விழுந்த சீட்டை உடனே எடுத்துப் பார்க்கும் வழக்கம் இல்லாதவர். அடுத்தவர்களுக்கு முன்னால் திறந்து கிடப்பவற்றை இடமிருந்து வலமாக ஒரு சுற்று நிதானமாகப் பார்த்து, மனத்தில் இருத்திக்கொண்ட பிறகே தம் சீட்டின் நுனியை நகத்தால் நெம்புவார். கேட்டால், "நம்ம சீட்டு எங்கிட்டும் ஓடிப்போகாது. அடுத்தவன் சீட்டு, அவன் மடக்கிட்டா மறைஞ்சுபோயிரும். போறதைத்தான் மொதல்ல பாத்துக்கிறணும்" என்பார்.

அன்று காலை, முதுகுக்கு இரண்டு தலையணைகளை அண்டக் கொடுத்துக் கட்டிலில் சாய்த்து வைத்திருந்தபோதும் அவர் அப்படித்தான் செய்தார். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி மூன்று நாளாகியிருந்தது. மடியில் கிடந்த சுளகில் சீட்டுகள் பரப்பப்பட்டிருந்தன. எதிரே முக்காலியில் அமர்ந்திருந்த மைத்துனன் திருப்பதிக்குத்தான் கண்களை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு போடியில் இந்த வீட்டு வாசற்படியை மிதித்திருக்கிறான். அவனுடைய அக்காள் சுருளியம்மாள் பொட்டிபுரத்துக்கு ஆள் அனுப்பியிருந்தாள். மச்சானிடம் என்ன பேசுவதென்று பஸ்சில் வரும் வழியெல்லாம் அவன் யோசித்துக்கொண்டே வந்தான். யோசித்தது ஒன்றும் தேவைப்படவில்லை. "வா மாப்ளே" என்றார் கோட்டைச்சாமி. பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, "அந்த டப்பாவைக் கொண்டா" என்றார்.

பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது, தோட்டத்தில் அவர்கள் ஆடிய அதே சீட்டுக்கட்டு.

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் முன்பு இருந்த மானேஜர் ஒருவர் விட்டுச்சென்ற ஆட்டம் அது. அதில் பெரிய சீட்டு தோற்கும், சின்னச் சீட்டு வெல்லும். ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு இது தலையில் ஏறாதபோது கோட்டைச்சாமி ஒரு கதை கட்டிச் சொன்னார். ஆற்றில் வெள்ளம், கரையில் ஏழு பிராணிகள், ஓடத்திலோ ஐந்துக்குத்தான் இடம். ராஜா ஏறினால் பரிவாரத்தோடு முழுகிப்போகும். எறும்பும் அணிலும் ஏறினால் மிதக்கும். ஆனால் ஒரே இனத்தில் இரண்டு ஏறினால் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு ஓடத்தைக் கவிழ்த்துவிடும். ஆகையால் ஏழில், ஜோடி சேராத, பாரம் குறைந்த ஐந்தை ஏற்ற வேண்டும். அன்று முதல் அந்த ஆட்டத்துக்கு ஓடச்சீட்டு என்று பெயராயிற்று. ஏழில் மூன்று கவிழ்ந்து வரும், நான்கு திறந்து வரும். முதலில் இரண்டு கவிழ்ந்தும் ஒன்று திறந்தும் விழும், மற்றவை சுற்றுக்கு ஒன்றாக வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் காப்பிக்கொட்டையைப் பந்தயமாக வைக்க வேண்டும். வைக்க மனமில்லாதவர் சீட்டை மடக்கிவிட்டு விலகிக்கொள்ளலாம்.

கோட்டைச்சாமி மற்றவர்களைவிட அதிகம் மடக்கினார். மற்றவர்களைவிட அதிகம் ஜெயித்தார். மடக்கிய சீட்டுகளையும் மறக்காமல் வைத்திருந்தார் என்பதுதான் அதன் சூட்சுமம். "உன்கிட்ட ஒரு மூணு இருக்குன்னு வையி. மத்த மூணெல்லாம் அடுத்தவனுக்குப் போயிருச்சேன்னு அழுகாத, சந்தோசப்படு. இனிமே உனக்கு ஜோடி சேராதுல்ல" என்று அவர் சொன்னபோது தோட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு, காய் பறிப்பு மும்முரமாக இருந்த ஒரு மாலைப்பொழுதில் அந்தச் சிரிப்பு நின்றது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் காய் பறித்துவிட்டு வந்து, தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றிருந்த திருப்பதி, கவிழ்ந்து கிடந்த சீட்டுகளின் முதுகில் ஒரு கறை இருப்பதைக் கண்டான். புரட்டிப் பார்த்தான். ஆஸ், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று சின்னச் சீட்டுகளில் மட்டுமே கறை இருந்தது. ராஜாவும் ராணியும் கடையிலிருந்து வந்தபடியே வெளுப்பாக இருந்தார்கள். அவன் சீட்டுக்கட்டைத் தரையில் விசிறியடித்தான். "மச்சான் ஞாபகத்துல ஆடலைப்பா. குறி வச்சு ஆடுறாரு."

அப்போது கோட்டைச்சாமி தோட்டத்தில் காய் நிறுப்பவர். பறித்துக் கொண்டுவரும் காயை அவர் நிறுத்துச் சொன்னால் மறுபேச்சு இருக்காது. தராசுக்காரர் என்றே அவரைக் கூப்பிடுவார்கள். திருப்பதி சொன்னதைக் கேட்டு, "சீட்டுல குறி வச்ச கை தராசுல வைக்காதா?" என்றார் கூட ஆடிக்கொண்டிருந்த மொக்கச்சாமி. அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் மறுநாள் முதல் காய் பறிக்கும் பெண்கள் தராசு முள்ளை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த கோட்டைச்சாமி, தராசை மானேஜரிடம் ஒப்படைத்துவிட்டுக் காவல் வேலைக்குப் போய்விட்டார். அதன்பிறகு அவரை யாரும் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, தராசுக்காரர் என்றும் கூப்பிடவில்லை. காவக்காரர் ஆகிவிட்டார்.

"அக்கா, நீயும் உக்காரு" என்றான் திருப்பதி, கட்டிலில் சாய்ந்திருந்தவரைப் பார்க்காமல். மச்சானோடு தனியே ஆட அவனுக்குத் துணிவில்லை.

"அவளும் ஆடட்டும்" என்றார் கோட்டைச்சாமி. "ரெண்டு பேரு மட்டும் ஆடுனா பாக்குறதுக்குச் சீட்டு ஏது?"

சுருளியம்மாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அவளுக்குத் திறந்து விழுந்தது ராஜா.

"எனக்கு ராஜா வந்துட்டாரு. எறக்கிவிட மனசு வரல."

"ஏத்திக்க. நீந்தத் தெரியும்ல உனக்கு?"

"இம்புட்டு மூச்சு வாங்குது, இதுல கேலி வேற" என்று சொல்லிக்கொண்டே அவள் மடக்கினாள். முகத்தை அடுக்களைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கோட்டைச்சாமிக்குத் திறந்து விழுந்தது இரண்டு. திருப்பதிக்குத் திறந்து கிடந்தது நான்கு. கவிழ்ந்து கிடந்தவற்றை எடுத்துப் பார்த்தான். ஒன்று ஆஸ், மற்றது மூன்று. இதைவிடப் பாரம் குறைந்த தொடக்கம் ஓடச்சீட்டில் அரிது. முகத்தில் எதையும் காட்டாமல் அவற்றைக் கவிழ்த்து வைத்து இரண்டு காப்பிக்கொட்டைகளை முன்னால் தள்ளினான்.

கோட்டைச்சாமி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சுளகின் விளிம்பைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "மடக்கிட்டேன்" என்றார்.

"ரெண்டை வச்சுக்கிட்டு மடக்குறீகளே மச்சான்?"

"கீழ இருக்கிறது ரொம்ப லேசுன்னு உன் வெரலு சொல்லுதே, மாப்ளே. அது எப்பவும் அப்படித்தான சொல்லும்."

திருப்பதி குனிந்து பார்த்தான். அவனுடைய வலக்கைக் கட்டைவிரல், கவிழ்ந்த சீட்டின் முதுகை இறுக்கி அழுத்திக்கொண்டிருந்தது. காற்றில் பறந்துவிடும் என்று பயந்தவனைப் போல. பாரமான சீட்டு வந்தால் அவன் அப்படி அழுத்துவதில்லை, உடனே எறிந்துவிடுவான். எறும்பும் அணிலும் கையில் சிக்கினால்தான் ஆட்டம் முடியும்வரை அழுத்திப் பிடித்துக்கொள்வான்.

விரலை மெல்ல எடுத்தான்.

விரல் இருந்த இடத்தில், விரல் அளவுக்கே, ஒரு பழைய கறை இருந்தது. காய் பறிப்பவர்களின் விரலில் ஒட்டி, சீயக்காய் தேய்த்தாலும் நான்கு நாளைக்குப் போகாத கறை. அதன் நடுவே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. அரிவாள் பட்டுப் பிளந்து ஆறிய தழும்பு ஒன்று திருப்பதியின் கட்டைவிரலில் குறுக்காக ஓடுகிறது. அவன் மூன்றை எடுத்தான், சுளகில் கிடந்த இரண்டை எடுத்தான், சீட்டுக்கட்டிலிருந்து ஓர் ஐந்தை உருவினான். எல்லாவற்றிலும் அதே கோடு.

சுருளியம்மாள் அடுக்களைக்கு எழுந்து போயிருந்தாள்.

"மச்சான்... அன்னைக்கே இது தெரியுமா?"

கோட்டைச்சாமி கண்களை மூடிக்கொண்டார். "தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

மூச்சு உள்ளே போய் வெளியே வரும்வரை அவன் காத்திருந்தான்.

"அம்புட்டுப் பேரு நிக்கிறாக. அதுல வச்சு எம்பொண்டாட்டிகூடப் பொறந்தவன் கையைப் பிடிச்சா தூக்கிக் காட்டுறது?" பிறகு, ஏதோ சில்லறைச் சோலியை ஒத்திப்போடுகிறவர் போல, "சீட்டை அடுக்கி வையி. சாயங்காலம் இன்னொரு கை பாப்போம்" என்றார்.

திருப்பதி அடுக்கினான். ஐம்பத்திரண்டையும் அடுக்க அன்று அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. கஞ்சி கொண்டுவந்த சுருளியம்மாள் இரண்டு கரண்டி புகட்டினாள். மூன்றாவது கரண்டி கடைவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்தவள், துடைத்த இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். சாயங்காலத்துக்கு இன்னும் நெடுநேரம் இருந்தது.

மறுநாள் காலையில் கோட்டைச்சாமியின் கேதத்துக்கு மலையிலிருந்து இரண்டு ஜீப்பு நிறைய ஆட்கள் இறங்கினார்கள். பறிப்புக்காலம், வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மாரில் அடித்துக்கொண்ட பெண்களின் விரல்களெல்லாம் கறுத்திருந்தன. நீர்மாலை எடுத்துவந்து குளிப்பாட்டினார்கள். பிறந்த வீட்டுக் கோடிச்சேலையைத் திருப்பதிதான் அக்காளுக்குப் போட்டான். வாய்க்கரிசி முடிந்தது. தூக்குவதற்கு நான்கு பேர் குனிந்தபோது, "செத்தப் பொறுங்க" என்று ஒரு குரல் கேட்டது. தன் குரல்தான் என்பது திருப்பதிக்கே சற்றுப் பின்னால்தான் உறைத்தது.

அவன் கையில் பிஸ்கட் டப்பா இருந்தது.

"அஞ்சு வருசத்துக்கு முந்தி, ஸ்டோருல வச்சு மச்சானை நான் ஒண்ணு சொன்னேன். எல்லாரும் கேட்டீக."

"இப்ப எதுக்குடா அது" என்றாள் சுருளியம்மாள், குரலே எழாமல்.

"இரு அக்கா." அவன் ஒரு சீட்டை எடுத்து மொக்கச்சாமியிடம் நீட்டினான். "அண்ணே, இதைப் பிடிங்க. முதுகுல இருக்கிற கறையைப் பாருங்க. இப்ப இதைப் பாருங்க." வலக்கையை உயர்த்திக் கட்டைவிரலை விரித்துக் காட்டினான். வாசலில் நின்றவர்களுக்கும் தெரியும்படி, கையைக் கீழே இறக்காமலே நின்றான். "அவரு வைக்கல. நான் வச்சது. எனக்கே தெரியாம நான் வச்சது. அவருக்குத் தெரியும். சொல்லல."

மொக்கச்சாமி சீட்டை அந்த விரலுக்குப் பக்கத்தில் பிடித்தார். கோட்டோடு கோடு பொருத்திப் பார்த்தார். வயதான கண்களுக்கு அதற்குச் சற்று நேரம் தேவைப்பட்டது. சீட்டைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்தார். அவள் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். அது கைமாறிப் போன வழியெல்லாம், ஒவ்வொருத்தியும் ஒருமுறை தன் விரலையும் பார்த்துக்கொண்டாள்.

"தராசு பிடிச்ச கையில கறை ஏது" என்றார் மொக்கச்சாமி, யாரையும் பார்க்காமல். "நாந்தான் அதை யோசிக்கல."

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாடையின் பின்பக்கத்துக்குப் போனார்.

"நேரமாகுது. தராசுக்காரரைத் தூக்குங்கப்பா."

முன்பக்கத்து மூங்கிலுக்குத் திருப்பதி தோள் கொடுத்தான். தெரு முழுவதும் மழை தூறிக்கொண்டிருந்தது. மூங்கில் நனைந்து வழுக்கியது. பாரம் இவ்வளவு குறைவாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கட்டைவிரலால் அதை இறுக்கி அழுத்திப் பிடித்தபடி நடந்தான்.