ஆர்மெக் சொன்ன குறி

ஆர்மெக் கோயில் அங்கியை உடுத்திக்கொண்ட அன்று அவனுடைய அப்பா வீட்டில் யாரோடும் பேசவில்லை. கோர்லத் வம்சத்தில் பிறந்த ஆண்பிள்ளை கப்பலேறுவான். வேறு வழியை அந்த வீட்டில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. சாவெர் துறையில் நிற்கும் கப்பல்களில் பாதிக்கு மேல் அவர்களுடையவை. இளையவன் ஆர்மெக் மட்டும் கடலம்மை உரூமாவின் கோயிலுக்குப் போனான். ஆசை காட்டியோ அடித்தோ யாரும் அனுப்பவில்லை. எட்டு வயதில் ஒரு விடியலில் கடற்படியில் உட்கார்ந்திருந்தபோது யாரோ தன்னைப் பெயர் சொல்லி அழைத்ததாகச் சொன்னான். இருபது வருடம் கழித்தும் அதையே சொன்னான்.

அங்கி உடுத்தும்போது ஒரு சத்தியம் உண்டு. பிறந்த வீட்டுக் கண்ணையும் காதையும் கழற்றி வாசலில் வைத்துவிட்டேன், இனி உரூமா காட்டுவதே காட்சி என்று சொல்ல வேண்டும். அவன் அதை மனதாரச் சொன்னான். அதன்படியே வாழ்ந்தான்.

பல வருடங்களுக்குப் பிறகு, ஒரு கோடை முடிவில், வடக்கே கெல்தா தீவில் ஊற்று வற்றிவிட்டது. அங்கிருந்த நானூறு பேரையும் ஏற்றி வர ஆறு கப்பல்களோடு புறப்படுவதாக அவன் அண்ணன் ஹெத்ரன் அறிவித்தார். அப்பாவுக்குப் பிறகு அவர்தான் குடும்பத் தலைவர். புறப்படும் காலையில் துறை முழுக்கச் சனம்.

"சாமி, அம்மாகிட்ட நல்ல காத்தா கேளுங்க," என்று ஒரு மாலுமி கப்பலிலிருந்து கத்தினான். "போன தடவ அனுப்புன காத்துக்கு என் மாமியா பெருமூச்சே தேவல!"

படிகளில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவன் மாமியார் அங்கேயேதான் நின்றிருந்தாள். "திரும்பி வாடா, வச்சுக்கிறேன்," என்றாள்.

ஆர்மெக் கடைசிப் படியில் இறங்கி, குறி பார்க்கும் சின்னக் களிமண் தோணியை நீரில் விட்டான். அது படிக்கே திரும்பி வந்தால் பயணம் கூடாது. கடல் இழுத்துக்கொண்டால் போகலாம். தோணி ஒரு கணம் தயங்கியது. பிறகு யாரோ கைப்பிடித்துக் கூட்டிப் போவதைப் போல நேராக உள்ளே போய் மறைந்தது. இவ்வளவு தெளிவான குறியை அவன் கண்டதே இல்லை.

நிமிர்ந்தபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. காற்றே இல்லை, ஆனாலும் தெற்கிலிருந்து நீண்ட, கனத்த அலைகள் ஒவ்வொன்றாக, நிதானமாக வந்துகொண்டிருந்தன. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே பத்து மூச்சு இடைவெளி. தூரத்தில் எங்கோ பெரும்புயல் புரள்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று அப்பா அவனை மடியில் வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். தோணியை உள்ளே இழுத்ததுகூட அந்த அலை பின்வாங்கிய வேகம்தான் என்று அவன் ரத்தத்துக்குத் தெரிந்தது.

அது கழற்றி வைத்த கண். அந்தக் கண்ணால் பார்ப்பது உரூமாவைச் சந்தேகிப்பது என்று தன்னையே அதட்டிக்கொண்டான்.

ஹெத்ரன் படியிறங்கி வந்தார். "என்னடா தம்பி, போலாமா?"

"அம்மா கூப்பிடுறாண்ணே. போலாம்."

"நீ என்ன சொல்ற?"

"நான் சொல்ல என்ன இருக்கு? அவ சொல்லிட்டா."

அண்ணன் அவன் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

பதினோராம் நாள் பெக்கோ மட்டும் வந்தார். அண்ணன் கப்பலில் சுக்கான் பிடித்த கிழவர். உடைந்த பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு மிதந்தவரை மீனவர்கள் தூக்கி வந்திருந்தார்கள். உப்பில் வெந்த உதடுகளோடு கோயில் தாழ்வாரத்தில் கிடந்தார். ஆர்மெக் அவருக்குக் கஞ்சி ஊட்டினான். மூன்றாம் நாள்தான் அவருக்குப் பேச்சு வந்தது.

"துறைய விட்டதுமே சொன்னேன், சாமி. தெக்கத்தி அலை சரியில்ல, திருப்பிடலாம்னு. பிரபு கேக்கல."

"குறிய நம்பியிருப்பார்," என்றான் ஆர்மெக்.

பெக்கோ தலையை ஆட்டினார். "அவரு எங்க குறிய நம்புனாரு? 'என் தம்பியும் கோர்லத்தாண்டா, எனக்குத் தெரியறது அவனுக்குத் தெரியாதா, தப்பா இருந்தா அவன் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும்'னாரு. உங்க கண்ணத்தான் நம்புனாரு."

ஆர்மெக் கஞ்சிக் கிண்ணத்தோடு எழுந்து வெளியே போனான்.

துக்க நாளில் ஊரே படிகளில் கூடியது. இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களை வாசிக்க வேண்டியவன் அவன். ஏட்டை மூடிவிட்டுப் பேசினான். அலையைப் பார்த்ததையும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டதையும், தோணி எதனால் போனது என்பதையும், ஒன்று விடாமல் சொன்னான். "என்ன வேணும்னாலும் செய்யுங்க. கல்லெடுத்து அடிங்க. நான் நிக்கிறேன்."

புருஷனையும் இரண்டு மகன்களையும் இழந்த நிசல் என்பவள்தான் எழுந்தாள்.

"நிறுத்துங்க சாமி. அம்மா கூப்பிட்டா, எம்புள்ளைங்க போனாங்க. அவ மடியில கெடக்குறாங்க. அதச் சொல்லிக்கிட்டுத்தான் ராத்திரி கண்ண மூடுறேன். சும்மா செத்தாங்கன்னு சொல்ல வந்தீங்களா? யாருக்காகச் சொல்றீங்க இத?"

"உண்மைக்காக..."

"உங்க பாரம் எறங்கணும்னு சொல்றீங்க. எறக்கி எங்க தலையில வைக்காதீங்க. பேர வாசிங்க."

அவன் வாசித்தான். அண்ணன் பெயர் முதலில் இருந்தது.

மறுநாள் அங்கியை மடித்து எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனான். இல்மரா அழுது முடித்திருந்தாள். அங்கியைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கெல்தாவுக்கு இன்னொரு கப்பல் அனுப்பணும் அண்ணி. நானே ஓட்டிட்டுப் போறேன்."

"எந்தக் கப்பல? துறையில இருந்த பெரிய கப்பலெல்லாம் அந்த ஆறோட போச்சு. துறையில மிச்சம் நிக்கிறது மீன்பிடி தோணிங்க. அது அந்தக் கடலத் தாங்குமா?" அவள் குரல் உயரவே இல்லை. "நீங்க இத உடுத்திக்கங்க தம்பி. நீங்க கழட்டுனா உங்கண்ணன் வெறுமனே முங்கிச் செத்தவராயிடுவாரு. அவரு செத்ததுக்கு நீங்க குடுக்க முடிஞ்சது அவ்வளவுதான். குடுங்க."

மாரிக்குப் பின் அந்தப் பக்கம் போன வணிகர்கள் கெல்தாவைப் பற்றிச் சொன்னார்கள். கரையில் வரிசையாகப் பானைகள் கவிழ்ந்து கிடந்தனவாம். ஆள் யாரும் இல்லையாம். அதைக் கேட்ட அன்று ஆர்மெக் கோயிலுக்குள் போய்ப் படுத்தான். இரண்டு நாள் எழவில்லை.

ஆனால் தோணிகள் கடலுக்குப் போயாக வேண்டும். குறி கேட்டு வந்தார்கள். அவன் களிமண் தோணியை நீரில் விட்டான். அது போன திசையைப் பார்க்கவே இல்லை. தெற்கையும் மேகத்தையும் பறவைகளையும் பார்த்தான். அலையின் இடைவெளியை மூச்சால் அளந்தான். பிறகு போகலாம் என்றோ வேண்டாம் என்றோ சொன்னான். தோணி இழுபட்டுப் போன நாட்களில் சிலமுறை வேண்டாம் என்றிருக்கிறான். தூரத்தில் நின்றவர்களுக்கு அது தெரியாது.

ஐந்து வருடம் ஒரு படகுகூடத் திரும்பாமல் இருந்ததில்லை. சாவெர் கோயிலின் குறி பொய்க்காது என்று பேச்சுப் பரவியது. பக்கத்துத் துறைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நிசல் தினமும் பூ கொண்டுவந்தாள். படிகளில் நிற்க இடமில்லாமல் போயிற்று. இவ்வளவு பக்தியை அந்த ஊர் அதற்கு முன் கண்டதில்லை.

ஒரு காலை, கூட்டம் கலைந்த பிறகு பெக்கோ தடியை ஊன்றிக்கொண்டு அவனருகில் வந்தார்.

"இன்னைக்குப் பார்த்தது யாரு சாமி? அவளா, நீங்களா?"

பொய் சொல்ல அவரிடம் மட்டும் முடியவில்லை. "நான்தான்."

"தெனமுமா?"

"தெனமும்."

கிழவர் கடல் பக்கம் திரும்பினார். "நல்லாத்தான் பாக்குறீங்க," என்றார். "உங்கப்பா மாதிரியே." அவ்வளவுதான். தடியைத் தட்டித் தட்டிப் படியேறிப் போனார்.

ஆர்மெக் மட்டும் நீரோரம் உட்கார்ந்தான். பூசை வேளை. வாய் மந்திரத்தைத் தானாகச் சொல்லத் தொடங்கியது. ஒரு சொல்கூடப் பிசகவில்லை. யாரிடம் சொல்கிறோம் என்று அவன் யோசித்துப் பார்த்தான். எதிரே தண்ணீர் இருந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர்தான் இருந்தது. முடிக்கும்வரை சொல்லிவிட்டு, நாளைக்கு வேண்டிய களிமண்ணைப் பிசைய எழுந்து போனான்.