ஏழு சட்டைத் துண்டுகளும் ஒரு குழலும்

டெல்மர் ஸ்ட்ரூபிள் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஒரு குழந்தையைக்கூட நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் போனதில்லை. மான்களை விட்டதற்குத்தான் கணக்கே இல்லை. இல்லை, தப்பு. கணக்கு இருக்கிறது. பென்சில்வேனியா மலைக்காட்டில், அவரும் கூட்டாளிகளும் வருடாவருடம் தங்கும் வேட்டைக் குடிலின் சுவரில் ஆணியடித்து வைத்திருக்கிறார்கள்.

குடிலின் சட்டம் எளிது. மானைப் பார்த்துச் சுட்டுக் குறி தவறினால், சட்டையின் பின்பக்கத்தைக் கத்தரித்து, பெயரும் வருடமும் எழுதிச் சுவரில் அறைந்துவிடுவார்கள். சுவரில் மொத்தம் ஒன்பது துண்டுகள். ஏழு டெல்மருடையவை. கட்டம் போட்டது, கோடு போட்டது, மனைவி கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்த பச்சை ஃபிளானல் எல்லாம் ஜவுளிக்கடை மாதிரி வரிசையாகத் தொங்கின.

ஒவ்வொரு முறையும் அவர் சொன்ன காரணம் ஒன்றுதான்: "துப்பாக்கிக் குழல் தேஞ்சு போச்சுப்பா. நான் என்ன பண்ண?" அவருக்கு முன்னால் அந்த ரைஃபிளை வைத்திருந்தவன் சுட்டுச் சுட்டே தேய்த்துவிட்டான் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர்.

போன வருடம் ஏழாவது துண்டுக்கு ஆணியடித்தவன் வென்டெல், அவர் மனைவியின் அண்ணன். இருவருக்கும் ஒரே வயது.

"மச்சான், அடுத்த வருஷம் சட்டை போடாமலே வந்துடு. துணியாவது மிஞ்சும்."

டெல்மருக்குச் சுருக்கென்றது. "புதுக் குழல் போடறேன்டா. போட்டு ஒரு மான் அடிச்சுட்டேன்னா, இந்த ஏழும் கீழ இறங்கணும். சம்மதமா?"

"அடிக்கலேன்னா?"

"'தப்பு துப்பாக்கி மேல இல்ல, என் மேல'ன்னு ஏழுலயும் என் கையாலயே எழுதறேன்."

"நான் சாட்சி," என்றார் அடுப்படியில் பீன்ஸ் கிண்டிக்கொண்டிருந்த பர்டெட். குடிலுக்குச் சமையல்காரரும் நீதிபதியும் அவர்தான்.

கோடை வந்ததும் டெல்மர் தன் காரேஜில் வேலையை ஆரம்பித்தார். பேருந்து எஞ்சினையே கழற்றியவன், ஒரு குழலைக் கழற்ற மாட்டேனா என்ற தைரியம். சுவரோரம் பொருத்திய மேஜையில் இருந்த வைஸ் பிடிப்பானில் குழலை இறுக்கி, துப்பாக்கியின் உடலில் பெரிய ஸ்பானரை மாட்டித் திருகினார். அசையவில்லை. ஸ்பானரின் கைப்பிடியில் இரும்புக் குழாயைச் சொருகித் தொங்கினார். அசைந்தது. துப்பாக்கி அல்ல, சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த மேஜை. மூன்றாம் நாள் குழல் வைஸுக்குள் வழுக்கி, வாய்ப்பக்கத்தில் பூனை பிறாண்டியது போல ஒரு கீறல் விழுந்தது. அதன் பிறகே 'டக்' என்று விட்டுக்கொடுத்தது.

புதுக் குழலைப் பொருத்தும் நுணுக்கம் தன் கைக்கு அடங்காது என்பது மேஜை போன பிறகு அவருக்கே புரிந்தது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு லொரெட்டாவின் துப்பாக்கிப் பட்டறைக்குப் போனார். அவள் தோட்டா உட்காரும் அறையைத் தலைமுடி அளவுக்குக் கடைந்தாள், அளவுக்கட்டையைப் போட்டுப் பார்த்தாள், மறுபடி கடைந்தாள். ஒரு வாரத்தில் ரைஃபிள் புது மாப்பிள்ளை போல மினுங்கியது.

"டெல்மர், இங்க வாங்க. உங்க பழைய குழலுக்குள்ள கேமராவை விட்டுப் பார்த்தேன்."

திரையில், உள்சுவரின் சுருள் வரிகள் நேற்று வெட்டியது போலத் தெளிவாக ஓடின.

"செம்புக் கறை கொஞ்சம் இருந்துச்சு, தேச்சு எடுத்துட்டேன். மத்தபடி ஒரு குறையும் இல்ல. இன்னும் ரெண்டாயிரம் தோட்டா தாங்கும்."

"சரியாப் பார்த்தியாம்மா?"

"ரெண்டு தடவை. ஆமா, வருஷத்துக்கு எத்தனை தோட்டா சுடுவீங்க?"

"நாலு... அஞ்சு இருக்கும்."

"எல்லாம் மான் மேலயா?"

"மான் பக்கத்துல."

லொரெட்டா சிரிப்பை அடக்க ஒரு துணியை எடுத்து மேஜையைத் துடைத்தாள்.

"இது வெளிய போகக் கூடாது, தாயே."

"நான் ஏன் சொல்றேன்? இந்தக் குழலை என்ன பண்ண?"

"உன் தக்காளிச் செடிக்கு முட்டு குடு," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

புதுக் குழலைச் சுட்டுப் பழக்க வேண்டுமே! தினமும் காலையில் பயிற்சித் திடலுக்குப் போனார். ஒருநாள் தோட்டா போட மறந்து விசையை அழுத்தினார். 'க்ளிக்' என்றது. வெடியே இல்லை, ஆனாலும் துப்பாக்கி முனை வணக்கம் சொல்வது போல குபுக்கென்று குனிந்தது. அவர் கண்கள் இரண்டும் இறுக மூடியிருந்தன. ஏழு வருட மர்மம் அங்கேயே துலங்கியது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு அணில் மட்டும் பார்த்தது.

செப்டம்பர் முடிவதற்குள் இருநூறு தோட்டா தீர்ந்தன. முனை குனிவது நின்றது. மூன்று தோட்டாக்கள் ஒரு காசு அகலத்துக்குள் விழுந்தன. 'குழல் நல்லாப் பழகிடுச்சு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பழகியது யார் என்பதை அணிலுக்கே விட்டுவிட்டார்.

வேட்டை சீசனின் முதல் நாள், காலை எட்டேகால். மரங்களுக்கிடையே ஒரு கொம்பு மான் வந்து நின்றது. டெல்மர் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு சுட்டார். மான் விழுந்தது. சுட்டது யார் என்று அவர் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார்.

குடிலில் பர்டெட் குறடை எடுத்துக் கொடுத்தார். "பேச்சுன்னா பேச்சு. இறக்குங்க."

ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கும்போதும் டெல்மர் ஒரு அங்குலம் உயர்ந்தார். ஆறு இறங்கிவிட்டன. ஏழாவதன் ஆணி துருப்பிடித்து மல்லுக்கு நின்றபோது கதவு திறந்தது.

"எட்டுக் கிளைக் கொம்பு, மச்சான்! இருநூறு அடி தூரம், ஒரே தோட்டா!" என்று வென்டெல் தன் ரைஃபிளை மேஜைமேல் வைத்தான்.

டெல்மரின் பார்வை அதன் வாய்ப்பக்கத்தில் நிலைத்தது. பூனை பிறாண்டிய கீறல்.

"இது..."

"உன் பழைய குழல்தான். லொரெட்டா பட்டறை மூலையில சும்மா நின்னுச்சு. தக்காளி முடிஞ்சுபோச்சாம். என்னோடதும் உன் ரகம்தானே, மாட்டிக் குடுன்னேன்."

"அவ எதாவது சொன்னாளா?"

"'டெல்மரையே கேளுங்க'ன்னா." வென்டெல் கீறலைத் தடவினான். "ஏழு வருஷம் உன்கிட்டக் கெட்டு அலைஞ்ச குழல், என்கிட்ட வந்த மொத நாளே திருந்திடுச்சு பாரேன்! சரி விடு, நீ ஜெயிச்சுட்ட. ஏழும் இறங்கட்டும்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பந்தயத்தில் சொன்னபடி எல்லாம் நடந்தாகிவிட்டது. டெல்மர் கையிலிருந்த துணிகளைப் பார்த்தார், குழலைப் பார்த்தார். ஏழு வருடம் அவர் பழி சுமத்தியும் அது பதில் பேசியதே இல்லை.

"பர்டெட், சுத்தியலைக் குடு. பேனாவும்."

லொரெட்டா கேமராவில் காட்டியது, கண்ணை மூடிக்கொண்டு சுட்டது, அணில் உட்பட எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே ஆறு துண்டுகளையும் மறுபடி அறைந்தார். பர்டெட் சிரித்த சிரிப்பில் பீன்ஸ் அடிப்பிடித்தது. 'தப்பு என் மேல' என்று எழுதிக்கொண்டே வந்தவர், ஏழாவதையும் முடித்துவிட்டுத் திரும்பினார்.

"மச்சான், அந்தக் குழலை எனக்கே திருப்பிக் குடுத்துடேன்."

"எதுக்கு? புதுசுதான் நல்லாச் சுடுதே!"

"அதான் பிரச்சினை. அடுத்த வருஷம் தவறிச்சுன்னா, நான் எதைக் குத்தம் சொல்றது?"