மேயருக்கும் ஒரு டப்பா

அந்த பஸ் டிப்போவில் காலையில் வண்டியெடுக்க வேண்டுமென்றால் முதலில் மூத்திரம் கொடுக்க வேண்டும். சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. டிரைவர்கள் வரிசையில் நிற்பார்கள். நர்ஸம்மா ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டுவார். பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தால் அதில் ஒரு காகிதப் பட்டையை நனைத்துப் பார்ப்பார். போதைப் பொருள் இல்லையென்றால் பச்சை வில்லை ஒன்று கிடைக்கும். அதைச் சாவியறை ஜன்னலில் போட்டால்தான் உள்ளே இருப்பவள் சாவியை எடுத்துத் தருவாள். வில்லை இல்லையா, நேரே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

உள்ளே இருப்பவளுக்குச் சாவியக்கா என்று பெயர். அவளைவிட வயதில் பெரியவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். வில்லை இல்லாமல் வந்து அவளிடம் கெஞ்சியவர்கள் உண்டு, சண்டை போட்டவர்கள் உண்டு. சாவி வாங்கிப் போனவர் ஒருவரும் இல்லை. ஒரு நாள் அவளுடைய சொந்தத் தம்பியே வெறுங்கையோடு ஜன்னலில் வந்து நின்றான்.

அவனும் அங்கே டிரைவர்தான். லீவு நாளில் சிநேகிதன் வீட்டு விருந்துக்குப் போன இடத்தில் யாரோ நீட்டிய வெள்ளைப் பொடியை மூக்கில் இழுத்திருக்கிறான். பட்டை காட்டிக் கொடுத்துவிட்டது. அன்றைக்கு அவன் ஸ்டீரிங்கைத் தொடக்கூட இல்லை. வண்டியை நன்றாகத் துடைத்து வைத்துவிட்டுத்தான் வரிசையில் நின்றிருந்தான். "அக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னான். அவள் ஜன்னலைச் சாத்தினாள். சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதாள்.

ஒரு தடவை மாட்டினாலும் வேலை போய்விடும், படத்தை வாசலில் ஒட்ட வேண்டும் என்பது மேயர் கொண்டுவந்த விதி. தம்பியின் படம் வாசலுக்குப் பக்கத்துப் பலகையில் ஏறியது. கீழே சிவப்பு எழுத்தில் ‘மக்கள் உயிரோடு விளையாடியவர்’ என்று போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அவன் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. பால் வாங்கக்கூட அக்காதான் போக வேண்டும்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் அந்த மேயரே டி.வி.யில் உட்கார்ந்து கண் கலங்கினார். கவுன்சிலராக இருந்த காலத்தில் தானும் அந்தப் பொடிக்கு அடிமையாக இருந்ததாகவும், பல நாள் அதை இழுத்துவிட்டுத்தான் கூட்டத்துக்கே போனதாகவும் சொன்னார். ஊர் கொதிக்கும் என்று பார்த்தால், ஊர் உருகிவிட்டது. என்ன நேர்மை, என்ன துணிச்சல் என்று ஆகாயத்துக்குத் தூக்கினார்கள். தவறாத மனிதன் உண்டா என்று பத்திரிகைகள் தலையங்கம் எழுதின. லீவு நாளில் ஒரே ஒரு தடவை இழுத்தவன் உயிரோடு விளையாடியவனாம். இழுத்துவிட்டு வந்து ஊருக்கே சட்டம் போட்டவர் நேர்மையாளராம். சாவியக்காவுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தம்பியை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி எழுதிய மனு மேயர் மேசையில்தான் இருந்தது.

பிறகு புது பஸ்கள் வந்தன. மேயர் லாரி டிரைவர் வீட்டுப் பிள்ளை, தானே லாரி ஓட்டியவர் என்பதை மேடைக்கு மேடை சொல்லிக்கொள்வார். லைசென்ஸையும் விடாமல் வைத்திருந்தார். அதனால் முதல் வண்டியை அவரே ஷெட்டிலிருந்து வாசல்வரை ஓட்டுவார், கேமராக்கள் பிடித்துக்கொள்ளும் என்று ஏற்பாடு. சாவியறை ஜன்னலில் சாவியை அவர் கையில் கொடுக்க வேண்டியது சாவியக்கா. மேனேஜர் காலையிலேயே வந்து சாவியில் ரிப்பன் கட்டினார். "உன் தம்பி விஷயத்தை விழா முடிஞ்சதும் நானே பேசறேம்மா. நீ சிரிச்ச முகமா கொடுத்தா போதும்" என்றார். அவள் தலையாட்டினாள். மனதாரத்தான் தலையாட்டினாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது தம்பி கதவுவரை வந்து, மேயர் வர்றது இன்னைக்குத்தானே என்று கேட்டிருந்தான். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் முகச்சவரம் செய்திருந்தான்.

மேயர் வந்தார், கழுத்தில் மாலை விழுந்தது, பேசினார். நானும் தடுக்கி விழுந்தவன்தான், எழுந்து வந்திருக்கிறேன் என்று அவர் சொன்னபோது கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அதோடு நிறுத்தியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். நிறுத்தவில்லை. சாவியறைக்கு நடந்து வருகிற வழியில் வாசல் பலகையைப் பார்த்தார். கேமராக்களை அங்கே திருப்பச் சொல்லி, தம்பியின் படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இந்த மாதிரி ஆளுங்களுக்கு என் ஊர்ல இடம் கிடையாது" என்றார்.

சாவியக்கா ஜன்னல் வழியாக அந்த விரலைப் பார்த்தாள். சாவி அவள் கையில் தயாராக இருந்தது, ரிப்பனோடு. எழுந்து போய் அறைக்கதவை உள்ளே தாழ் போட்டாள். சாவியை அதன் ஆணியில் திரும்ப மாட்டினாள். நர்ஸம்மா அங்கே அலமாரியில் வைத்திருந்த டப்பாக்களில் ஒன்றை எடுத்தாள். மேயர் சிரித்துக்கொண்டே ஜன்னலுக்குள் கையை நீட்டியபோது டப்பாவை அந்தக் கையில் வைத்தாள்.

மேயர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது?"

"டெஸ்ட் குடுத்துட்டு வாங்க சார். பச்சை வில்லை வந்தா சாவி."

ஏதோ நகைச்சுவை என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். மேயரும் சிரித்தார். "அம்மா, இந்த விதியக் கொண்டு வந்ததே நான்தான்."

"அதனாலதான் சார், உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லன்னு நெனச்சேன்."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. ஓடி வந்து ஜன்னலில் தலையை நுழைத்து, பைத்தியமா உனக்கு, தம்பியை நினைத்துப் பார் என்று பல்லைக் கடித்தார். அவனை நினைத்துக்கொண்டுதான் பேசுகிறேன் என்றாள் அவள்.

மேயர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கேமராவுக்கு எந்தக் குரல் எடுபடும் என்று அவருக்குத் தெரியும். தான் முழுக்கத் திருந்திய மனிதன் என்றும், பழையதைச் சொல்லிக் குத்துவது நாகரிகம் இல்லை என்றும் சொன்னார்.

"ரொம்ப சந்தோஷம் சார். பழசு எதையும் நான் கேக்கல. இன்னைக்கு வண்டி எடுக்கறீங்க, அதுக்குத்தான் டப்பா. என் தம்பிக்கே நான் சாவி குடுக்கல. அந்தப் பலகையில இருக்கறது அவன்தான். அவனுக்கு ஒண்ணு உங்களுக்கு ஒண்ணுன்னு என்கிட்ட ரெண்டு ஜன்னல் கிடையாது."

 அவளுக்குப் பயமும் இருந்தது, ஆத்திரமும் இருந்தது. வாய் மட்டும் நிற்கவில்லை.  நர்ஸம்மா கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "கழிவறை இந்தப் பக்கம் சார். பட்டை நனைச்சா உடனே தெரிஞ்சிடும்" என்றார், தினமும் டிரைவர்களிடம் சொல்லும் அதே குரலில். பின்வரிசையில் ஒரு டிரைவர் களுக்கென்று சிரித்தார்.

மேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேறு கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்றார். டப்பாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேனேஜர் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். புது பஸ் மாலையோடு ஷெட்டிலேயே நின்றது.

சாயங்காலத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. சாவியக்காவுக்கு இனி சாவியறை இல்லை, பஸ் கழுவும் வேலை. தம்பியின் மனு தள்ளுபடி. அவமானத்தைப் பொறுமையோடு தாங்கிய மேயர் என்று டி.வி.யில் ஒருவர் உருகிக்கொண்டிருந்தார்.

வீட்டுப் படியேறும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. தம்பியின் பிழைப்பில் தன் கையாலேயே மண்ணைப் போட்டுவிட்டோமே, அவனிடம் ஒரு வார்த்தை கேட்டோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அவன் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். திரும்பவில்லை.

"நெஜமாவே டப்பாவ நீட்டினியா?"

"நீட்டினேன்டா."

"மூடியோடயா, மூடி இல்லாமயா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். மூடி இல்லாமல்தான். அதைச் சொன்னதும் அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்ததென்று தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் திருடவில்லையே அக்கா, யாரையும் இடிக்கவில்லையே, தப்புதான், ஆனால் அவர் செய்ததும் அதே தப்புதானே என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது அவனும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. டிரைவர்கள் எல்லாரும் வரிசையில் நிற்கிற நேரம். அவன் நேரே பலகைக்குப் போனான். பத்திரிகையிலிருந்து கத்தரித்த மேயர் படம் ஒன்று பையில் இருந்தது. டி.வி.யில் கண் கலங்கினாரே, அந்தப் படம். ‘நானும் பயன்படுத்தினேன்’ என்று அவர் வாயால் சொன்னது கீழே பெரிய எழுத்தில் இருந்தது. அதைத் தன் படத்துக்குப் பக்கத்தில், ஒரே உயரத்தில் வைத்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டினான்.

"இப்ப சரியா இருக்கு" என்றான். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்களில் ஒருவர் வந்து அவன் தோளைத் தட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

மேனேஜர் ஓடி வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேயர் படத்தை இத்தனை பேர் பார்க்கக் கிழிக்கக் கை வரவில்லை. கிழித்த செய்தி அவர் காதுக்குப் போனால் என்ன ஆவது? விட்டு வைக்கவும் முடியாது. அதை மட்டும் பக்குவமாக உரித்து எடுத்தாலோ, ஏன் சார் ஒன்றை மட்டும் எடுக்கிறீர்கள் என்று கேட்க இன்றைக்கு ஒரு வரிசையே நிற்கிறது. அறைக்குப் போய் யார் யாரிடமோ போனில் பேசினார். கடைசியில் பலகையையே கழற்றச் சொல்லி ஆளைக் கூப்பிட்டார்.

சாவியக்கா குழாயை நிறுத்திவிட்டு, ஈரப் புடவையோடு வந்து நின்று பார்த்தாள். ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் மேனேஜர். "மாட்டறப்ப நான் பிடிக்கல சார், இப்பவும் பிடிக்க மாட்டேன்" என்றாள். பலகை இறங்கியதும் தம்பியின் படத்தைத் தானே உரித்து, மடக்கி, இடுப்பில் செருகிக்கொண்டாள். தம்பி கேட்டைத் தாண்டி, தெருவில் நிமிர்ந்து நடந்து போய்க்கொண்டிருந்தான். மேயர் படத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேனேஜர் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.