மடிப்பில் வெட்டாத கவுன்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்ட கட்டுரையாகத்தான் பிறந்தது.

"அந்தக் காலத்து கவுனெல்லாம் வீட்லயே தைப்பீங்களாமே? அதையே எழுதிக் குடுங்க மேடம். ஜாலியா இருக்கட்டும். நடுவுல நாலு டிப்ஸ் போடுங்க" என்றார்.

கரும்பு தின்னக் கூலியா என்று உடனே ஒப்புக்கொண்டேன். கதை எழுதுவது என் பிழைப்பு. தையல் என் பைத்தியம். அதுவும் அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய பாணி கவுன் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். இடுப்பை ஒட்டிய மேல்பாகம், வட்டக் காலர், குடையாக விரியும் கீழ்ப்பாகம், முதுகில் துணி போர்த்திய பட்டன்கள் பதினொன்று. இதுவரை இருபத்திரண்டு தைத்திருக்கிறேன்.

கட்டுரையின் முதல் வரியை இப்படி எழுதினேன்:

"மனித உடம்பைப் பாதி அளந்தால் போதும், மீதிப் பாதி தானே வந்து சேரும்."

நன்றாக இருக்கிறது என்று எனக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, அந்த வரியை அடித்தேன். ஏன் அடித்தேன் என்பதுதான் இந்தக் கதை. ஆசிரியர் அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். நான் எடுக்கவில்லை.

2

அடித்த வரிக்கு விளக்கம் சொல்லாவிட்டால் மேற்கொண்டு போக முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள், தையல் தெரியாதவர்களுக்கும் புரியும்.

கவுன் வெட்டுவதற்கு முன்னால் காகிதத்தில் வடிவம் வரைவோம். அதை பேட்டர்ன் என்போம். முழு உடம்புக்கும் வரைய மாட்டோம். பாதி முன்புறம், பாதி பின்புறம், அவ்வளவுதான். துணியை இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் காகிதத்தை வைத்து வெட்டி விரித்தால் இடமும் வலமும் ஒன்றுபோல வந்துவிடும். எந்த பேட்டர்னை எடுத்தாலும் ஓரத்தில் "மடிப்பில் வை" என்று எழுதியிருக்கும்.

[இங்கே ஒரு படம் போடலாம் என்று ஆசிரியருக்குக் குறிப்பு எழுதியிருந்தேன். இப்போது வேண்டாம்.]

கட்டுரையைக் கைவிட்டுக் கதையாகத் தொடங்கினேன்:

"ஒரு தையல்காரி இருந்தாள். அவளுக்கு ஒரு அக்கா. அக்காவுக்கு ஒரே மகள், பதின்மூன்று வயது, பட்டப்பெயர் வாலு. நில் என்றால் நடப்பாள், நட என்றால் ஓடுவாள். ஆனால் அளவெடுக்க ஸ்டூலில் ஏற்றினால் மட்டும் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு சிலை மாதிரி நிற்பாள். தையல்காரி தைத்த இருபத்திரண்டு கவுனில் பதினேழு வாலுவுக்குத்தான். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பொம்மைக்கு மாட்டிய மாதிரி எவ்வளவு நேராக நிற்கிறது என்றார்கள். தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை."

இதுவரை பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கதைசொல்லி தையல்காரியை இவ்வளவு தூரத்தில் நிறுத்தி வைத்துப் பேசுவது எனக்கே உறுத்துகிறது. சரி, பார்ப்போம்.

3

"வாலுவின் முதுகைப் பார்த்தது அம்மாவும் இல்லை, சித்தியும் இல்லை. பள்ளிக்கூடத்தில் புதிதாக நீச்சல் வகுப்பு வைத்தார்கள். முதல் நாளே நீச்சல் டீச்சர் அவளைக் குனியச் சொன்னார், இன்னொரு தடவை குனியச் சொன்னார், பிறகு வீட்டுக்குப் போன் செய்தார்."

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சப் பலகையில் செருகினார். முதுகுத்தண்டு என்று ஒன்றை நான் நேர்கோடாகத்தான் மனதில் வைத்திருந்தேன். அங்கே இருந்தது நேர்கோடு இல்லை. பக்கவாட்டில் வளைந்து இறங்கியிருந்தது. ஏதோ பெரியவர் ஒருவருடைய படத்தை மாற்றி மாட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். மூலையில் வாலுவின் வயது எழுதியிருந்தது.

"நாப்பத்தெட்டு டிகிரி" என்றார் டாக்டர். "இதுக்கு மேல முதுகுக்குப் போடற பெல்ட்டுக்கெல்லாம் அடங்காது. ஆபரேஷன்தான். ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா பெல்ட் போட்டே நிறுத்திப் பார்த்திருக்கலாம். வீட்ல யாருமே கவனிக்கலையா?"

"எப்பவும் கவுன்தான் டாக்டர் போடுவா" என்றாள் என் — [தையல்காரியின் என்று இருக்க வேண்டும். திருத்தவில்லை.] — என் அக்கா. "எல்லாம் தங்கச்சி தைச்சது. ஒரு கோணல் இருக்காது. அவ்வளவு நேரா நிக்கும்."

அக்காவுக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. ஒரு ஒற்றைக் கொம்பு விழுந்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "ஊரான் எழுத்துலயெல்லாம் தப்புக் கண்டுபிடிக்கிறேன். பெத்த பொண்ணு முதுகைப் பார்க்கத் தெரியலையே. நானெல்லாம் ஒரு அம்மாவா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் சொன்னேன். தையல்காரி சொல்லவில்லை. நான்.

4

தையல்காரி நான்தான். நீங்கள் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு மட்டும்தான் இவ்வளவு நேரம் ஆயிற்று.

இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. "எனக்குத் தெரியாது" என்கிறாள். அது பொய்யா என்று சோதிக்க வேண்டுமானால் அவள் அலமாரியைத் திறந்தால் போதும். ஒவ்வொரு பேட்டர்னும் ஒரு பழுப்பு உறையில் இருக்கிறது. உறையின் மேல் யாருக்கு, என்ன அளவு, என்ன தேதி என்று அவள் கையெழுத்தில் இருக்கிறது. ஒழுங்கான பெண். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறந்தாள். திறந்தேன்.

முதல் எட்டு உறைகளில் பாதி முன்புறம், பாதி பின்புறம், "மடிப்பில் வை".

ஒன்பதாவது உறையிலிருந்து எல்லாவற்றிலும் காகிதங்கள் இரட்டிப்பாக இருந்தன. "வாலு, இடது." "வாலு, வலது." ஒன்பதாவது உறையின் தேதி, டாக்டரைப் பார்த்த நாளுக்குப் பதினான்கு மாதம் முன்பு.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் எக்ஸ்ரேயில் காட்டியதை நான் பதினான்கு மாதம் முன்பே பென்சிலால் வரைந்து, தேதி போட்டு, உறையில் வைத்திருக்கிறேன்.

5

என்ன நடந்தது என்று ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நல்ல துணியில் கை வைப்பதற்கு முன் பழைய படுக்கை விரிப்பில் ஒரு மாதிரி தைத்துப் பார்ப்பது என் வழக்கம். அன்று வாலுவை ஸ்டூலில் ஏற்றி மாட்டிப் பார்த்தால் கீழ் விளிம்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. முதலில் கத்தரியைத் திட்டினேன். பிறகு விரிப்பு இழுபட்டுவிட்டது என்றேன். பிறகு ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை என்று அட்டையை மடித்து முட்டுக்கொடுத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடம், ஸ்டூல், கத்தரி என்று எல்லாவற்றையும் கோணல் என்றேன், ஒன்றைத் தவிர.

பிறகு இஞ்சு டேப்பை எடுத்தேன். கழுத்திலிருந்து இடுப்புவரை இடது பக்கம் ஒரு அளவு, வலது பக்கம் முக்கால் இஞ்சு கூடுதல். இரண்டு தடவை அளந்தேன். மாறவில்லை. உடம்பென்றால் கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும், அதை மறைப்பதுதானே தையல் என்று துணியை மடிக்காமல் விரித்துப் போட்டு, இடத்தையும் வலத்தையும் தனித்தனியாக வரைந்தேன். தாழ்ந்த தோளுக்குள் மெல்லிய பஞ்சு ஒன்றை வைத்துத் தைத்தேன். அது ஆறு மாதம் கழித்து இரண்டு பஞ்சாயிற்று. ஒவ்வொரு கவுனும் முந்தியதைவிட நேராக நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

முதன்முதலாக இரண்டு காகிதம் வரைந்த அன்று வாலு கேட்டாள்:

"எதுக்கு சித்தி ரெண்டு பேப்பர்? எப்பவும் ஒண்ணுதானே வரைவே?"

"உனக்குன்னு ஸ்பெஷல். பெரிய பெரிய டெய்லரெல்லாம் இப்படித்தான் வெட்டுவாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதே. நம்ம ரெண்டு பேருக்குள்ள ரகசியம்."

"அம்மாகிட்டயும் சொல்லக் கூடாதா?"

"அம்மாகிட்டதான் முக்கியமா சொல்லக் கூடாது."

ஏன் அப்படிச் சொன்னேன்? அக்காவுக்குத் தெரிந்தால், "ஒரு துணியை நேரா வெட்டத் தெரியலையாடி?" என்று சிரிப்பாள். சின்ன வயதிலிருந்தே அவள் என்னிடம் தப்புக் கண்டுபிடிப்பவள். அவள் சிரிப்பாள் என்று பயந்தேன். காரணம் அவ்வளவுதான். பெரிதாக வேறு ஏதாவது இருக்கும் என்று தோண்டிப் பார்த்தேன். இல்லை.

6

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: தையல்காரி ஒன்பதாவது உறை முதல் எல்லாவற்றையும் கிழித்துப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறாள். யாருக்கும் தெரியாது. அக்கா ஆயுசுக்கும் தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள், தையல்காரி பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு எப்படிக்கா தெரியும்?" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பாள். இப்படி ஒருத்தியைப் பற்றிக் கதை எழுத எனக்கு இஷ்டமில்லை. அவளாக இருக்கவும் இஷ்டமில்லை.

முடிவு இரண்டு: டாக்டர் வந்து, "எப்ப வந்திருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும்" என்கிறார். எழுத ஆசையாக இருந்தது. ஆனால் மூன்றாம் பகுதியில் டாக்டர் ஏற்கெனவே பேசிவிட்டார். அவர் வாயை நான் மாற்ற முடியாது.

முடிவு மூன்று: தையல்காரி அக்கா வீட்டுக்கு நேரே போய், "அக்கா, நான் உன்கிட்ட ஒண்ணு

[இந்த முடிவை மூன்று நாள் நேரிலேயே முயன்றேன். முதல் நாள் அக்கா ஆஸ்பத்திரிப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் அழுதுகொண்டிருந்தாள். மூன்றாம் நாள் "என்னடி, என்னமோ சொல்ல வந்தே?" என்று அவளே கேட்டாள். "டீ இருக்கா?" என்றேன்.]

7

நேற்று மத்தியானம் வாலு வந்தாள். ஆபரேஷனுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. தொளதொள சட்டையில் வந்திருந்தாள். கவுன் இல்லாமல் அவள் தோள்களை நேற்றுதான் சரியாகப் பார்த்தேன். வலது தோள் மேலே நின்றது. இது எப்படி ஒருவர் கண்ணிலும் படாமல் போயிற்று என்று மனம் கேட்டது. எப்படி என்று எனக்குத்தான் தெரியுமே.

நேராக என் வெட்டுமேஜைமேல் ஏறி உட்கார்ந்தாள்.

"சித்தி, ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும் போட்டுக்க ஒரு கவுன் வேணும். கருநீலம். முதுகுல பட்டன் வேணாம், குத்தும்."

"தைச்சுட்டாப் போச்சு."

"இந்தத் தடவை ஒரே பேப்பர் போதும்ல?"

கையிலிருந்த குண்டூசிப் பெட்டி தரையில் கொட்டியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். யாரும் பொறுக்கவில்லை.

"உனக்கு அது ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? உக்காந்து எழுதினா முதுகு வலிக்கும். அம்மாகிட்ட சொல்லலாம்னு தோணும். சொன்னா, ஒரு பக்கம் பெரிசா இருக்குன்னும் சொல்லணும். அப்புறம் ரெண்டு பேப்பர் விஷயமும் வந்துடும். நீதானே சொல்லாதேன்னே?"

வலி என்று ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"எத்தனை நாளா வலிக்குது?"

"போன வருஷத்துலேர்ந்து. பழகிடுச்சு." மேஜையிலிருந்து குதித்து இறங்கினாள். என் முகத்தைப் பார்த்தவள், பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பயப்படாதே சித்தி. டாக்டர் கேட்டப்பகூட நான் சொல்லலை."

8

நான் எழுதும் எதையும் முதலில் படிப்பது அக்காதான். சிவப்புப் பேனாவோடு உட்கார்வாள். ஒற்று, புள்ளி, கால், கொம்பு எல்லாம் முடிந்த பிறகு, கதை பாதியில் நிற்பதாக அவளுக்குப் பட்டால் ஓரத்தில் "முடிவு எங்கே?" என்று எழுதித் திருப்பி அனுப்புவாள். அவள் பார்க்காமல் ஒரு வரியும் என் வீட்டைவிட்டுப் பத்திரிகைக்குப் போனதில்லை. இதுவும் போகாது.

அதனால் வாசகரே, மன்னிக்க வேண்டும், நீங்கள் இரண்டாவது ஆள். இது உங்கள் கையில் அச்சாக இருக்கிறது என்றால் அக்கா படித்துவிட்டாள். போகட்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். படித்ததற்கும் சொன்னதற்கும் நடுவில் என்ன நடந்தது என்று, இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும் எனக்குத் தெரியாது.

நாலு மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறாள். வாலுவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். அவள் பார்க்க அக்கா இதைப் படிக்க வேண்டும். அந்தக் குழந்தை என்னைக் காப்பாற்றியது போதும். கொட்டிய குண்டூசிகளைப் பொறுக்கிவிட்டேன். ஒன்பதாவது உறையிலிருந்து இடது, வலது இரண்டையும் எடுத்து இந்தத் தாள்களின் பின்னால் சேர்த்துக் குத்தியிருக்கிறேன், தேதி மேலே தெரியும்படி.

அக்கா, ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் தலையில் நீ அடித்துக்கொண்டது எனக்கு விழ வேண்டியது. எழுத்துப்பிழை இருந்தால் வழக்கம்போலத் திருத்து. முடிவு எங்கே என்று மட்டும் இந்தத் தடவை ஓரத்தில் எழுதாதே. கீழே பாதிப் பக்கம் விட்டிருக்கிறேன். நீ எதை எழுதினாலும் அதை மாற்ற மாட்டேன்.