விளக்கை அணைத்துப் பார்த்த செடிகள்

வெயில் பட்டால் தோல் கொப்பளித்துவிடும், இதற்கு மருந்தில்லை என்று டாக்டர் கையை விரித்ததிலிருந்து, தையல்காரிக்குப் பகல் என்பது திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் நடக்கிற சமாச்சாரம். துணி கொடுக்க வருகிறவர்கள் வாசலோடு போய்விடுவார்கள். கூட இருந்த தங்கையும் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு வீட்டில் மெஷின் சத்தம் மட்டும்தான். பின்பக்கம் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. நிலா வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி அதில் ஒரு தோட்டம் போட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

பொழுது சாய்ந்ததும் நர்சரிக்குப் போனாள். நர்சரிக்காரர் கடை சாத்துகிற அவசரத்தில் இருந்தார்.

"ரோஜா பாரும்மா, ரத்தச் சிவப்பு. கண்ணைப் பறிக்கும்."

"அண்ணே, கொஞ்சம் லைட்டை அணைங்களேன்."

"அணைச்சா செடி எப்படிம்மா தெரியும்?"

"எது தெரியுதோ அதுதான் எனக்கு வேணும்."

அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அணைத்தார். மேலே அரை நிலா. ரோஜாக்கள் இருந்த இடமே தெரியவில்லை. நந்தியாவட்டை மட்டும் பளிச்சென்று நின்றது. சுவரோரம் மல்லிகை. மூலையில் சாம்பல் இலைச் செடி ஒன்று; பகலில் அதை யாரும் சீந்துவதில்லை.

"அட! முப்பது வருஷமா இங்கயேதான் கெடக்கேன், ஒரு நாளும் இப்படிப் பாத்ததில்லையே!" என்றவர், கடை சாத்துவதை மறந்து அவளோடு சேர்ந்து தேட ஆரம்பித்தார். கடைசியில் ஒரு மரமல்லிக் கன்றைத் தூக்கிவந்தார்.

"வெள்ளைப் பூ, ராத்திரியில வாசனை ஆளைத் தூக்கும். ஆனா பூக்க அஞ்சாறு வருஷம் ஆகும். அதுவரைக்கும் வெறும் குச்சிதான், பரவாயில்லையா?"

"இருக்கட்டும்ணே. நான் எங்க ஓடிப்போறேன்?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். எதிரில் ஒருவரை வைத்துக்கொண்டு சிரித்து எத்தனை நாளாயிற்று என்று திரும்பி நடக்கும்போது யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு பௌர்ணமிக்கு நந்தியாவட்டை பூத்துக் குலுங்கியது. போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"என்னக்கா, கரேல்னு இருக்கு. ஒண்ணுமே தெரியலையே."

"நேர்ல வந்தாத்தான்டி தெரியும்."

"பிள்ளைக்குப் பரீட்சைக்கா. இந்த மாசம் முடியாது. நீ சொல்லேன், கேக்கறேன்."

சொன்னாள். எந்தச் செடி எங்கே நிற்கிறது, எதில் எத்தனை மொட்டு, மரமல்லி இடுப்பளவு வந்துவிட்டது என்று ஒவ்வொன்றாக. தங்கை 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அது நின்று, மூச்சுச் சத்தம் மட்டும் சீராக வந்தது. நாளெல்லாம் ஓடிய அசதி, தூங்கிப்போயிருந்தாள்.

தையல்காரி போனை வைக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, மல்லிகைக்குப் பந்தல் போட வேண்டியதைப் பற்றி இன்னும் கொஞ்ச நேரம் பேசினாள்.