குரல் வந்த அறை

1

நாற்பத்தொரு மணி நேரம். சிங்கப்பூரிலிருந்து ஒரு மனிதரின் முகத்தையும் குரலையும் காரைக்குடி செக்காலை ரோட்டுக்குக் கொண்டுவர எங்கள் கணினி மையத்து டீச்சர் ஜெரினாவுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. பதினோரு நாட்கள், வகுப்புகள் முடிந்த பிறகு செய்த வேலை. அவள் நோட்டில் குறித்து வைத்திருந்ததைக் கூட்டிப் பார்த்தவள் நான்.

இந்தக் கதையில் பாதிதான் நான் பார்த்தது. 1999 பிப்ரவரியில் அந்தக் கணினி மையத்தின் கூடத்தில், மூன்றாவது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் நடந்தது எனக்குத் தெரியும். உள்ளறையில் நடந்ததை ஜெரினா பிறகு சொன்னாள். ஆகவே கதை அவளுடையது. என்னை ஒரு நாற்காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று தடவை ஆரம்பித்துப் பார்த்தேன்.

‘அறிவியல் வளர வளரத் தூரங்கள்’ (பள்ளிக்கூடக் கட்டுரை. நிறுத்திவிட்டேன்.)

‘ஜெரினா அதிகம் பேசமாட்டாள், ஏனென்றால் அவள்’ (ஏனென்றால் என்று ஒன்றும் இல்லை. அவள் பி.எஸ்சி. இயற்பியல். பேசமாட்டாள். அவ்வளவுதான்.)

‘சீதைக்குப் புருஷன் மேல் சந்தேகம் வந்தது கையெழுத்தைப் பார்த்து.’

இது சரி. இதிலிருந்து போகலாம்.

2

சீதைக்கு அமராவதிபுதூர். கல்யாணமாகி நாலு வருஷம். கணவன் முத்துக்கண்ணன் சிங்கப்பூரில் கட்டட வேலை. மாதம் இரண்டு கடிதம் வரும். ஏழு மாதத்துக்கு முன்னால் எழுத்து மாறிவிட்டது.

மஞ்சள் பைக்குள்ளிருந்து இரண்டு கடிதங்களை எடுத்து ஜெரினாவின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“பாருங்க டீச்சர். இது பழசு. கோழி கிண்டின மாதிரி இருக்கும், ஆனா அவுக எழுத்து. இது புதுசு. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க.”

“போன்ல கேட்டீங்களாக்கா?”

“மளிகைக் கடைக்குப் போன் வரும். சுத்தி எட்டுப் பேரு நிப்பாக. அதுல என்னத்தைக் கேக்குறது? ஒரு நா கேட்டே புட்டேன். பேனா மாத்திட்டேன்ங்கறாக.”

ஜெரினா சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டாள்.

“இது பொம்பளை எழுத்து டீச்சர். எனக்குத் தெரியும். மூஞ்சியைப் பாத்து ஒரு கேள்வி கேக்கணும். அவுக மூஞ்சி எனக்குப் பொய் சொல்லாது.”

மையத்தின் வாசலில் ‘வெளிநாட்டு உறவினரைப் பார்த்துப் பேசலாம்’ என்று தட்டி வைத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. முதலில் வந்தவள் சீதைதான். வசதி இன்னும் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

3

[இங்கே கொஞ்சம் இயந்திரம் பேச வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.]

எங்கள் கூடத்தில் இருந்த எட்டும் உண்மையில் கணினிகளே அல்ல. வந்த அட்டைப்பெட்டியில் ‘தின் கிளையன்ட்’ என்று போட்டிருந்தது. நாங்கள் டெர்மினல் என்போம். திரை, விசைப்பலகை, நடுவில் சின்ன டப்பா. நீங்கள் தட்டுவதெல்லாம் வயர் வழியாக உள்ளறையில் இருக்கும் சர்வருக்குப் போகும். வேலை அங்கே நடக்கும். படம் மட்டும் உங்கள் திரைக்குத் திரும்பி வரும்.

படம் மட்டும்.

ஜெரினா சோதித்ததெல்லாம் உள்ளறையில்தான். சர்வரிலேயே காமிராவைச் செருகி, ஸ்பீக்கரும் மைக்கும் மாட்டி, சிங்கப்பூரில் அதே வசதி வைத்திருந்த கடைக்காரருடன் பேசிப் பார்த்தாள். நாற்பதாவது மணியில் “வணக்கம், சாப்டாச்சா?” என்று அவர் குரல் வந்தபோது அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாளாம்.

4

மைய உரிமையாளர் சகாய ஆண்டனியை வில்லனாக்கப் பார்த்தேன். முதல் வரைவில் மீசைகூட வைத்தேன். பொருந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, சீதை உட்காருவதற்கென்று வீட்டிலிருந்து மெத்தை தைத்த நாற்காலியைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த மனிதர் அவர்.

அந்த நாற்காலி உள்ளறைக் கதவில் நுழையவில்லை.

“கூடத்துலயே போடும்மா. வந்தவுகளை உள்ள ஏ.சி.யில நடுங்க விடணுமா? சர்வர் ரூமுக்குள்ள வெளியாள் போனா தூசி வேற.”

“சார், அங்க சோதிக்கலை சார்,” என்றாள் ஜெரினா.

“படம் எல்லாத் திரையிலயும் வருதுல்ல?”

வரும்தான். பிரிண்டரின் நீளமான கேபிளைப் போட்டு, காமிராவைச் சன்னல் வழியாகக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். தலையில் மாட்டும் ஹெட்போனை டெர்மினலின் பின்னால் இருந்த துளையில் குத்தினாள். சரியாக உட்கார்ந்தது. உட்கார்ந்ததால் வேலை செய்யும் என்று நம்பினாள். பதினோரு நாட்களில் அவள் சோதிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

5

மூன்று மணி. சீதை நாற்காலியில். தலையில் ஹெட்போன், பூவுக்கு மேல். ஜெரினா உள்ளே, லைனைப் போட.

அந்தச் சிங்கப்பூர்க் கடையிலிருந்து, திரையில் கட்டம் கட்டமாக முத்துக்கண்ணன் வந்தார். நாலு விநாடிக்கு ஒரு படம். சலவை மடிப்புக் கலையாத சட்டை. வாய் திறந்திருந்தது. அடுத்த படத்தில் மூடியிருந்தது.

“அவுகதான்! இளைச்சிருக்காக,” என்றாள் சீதை. அப்புறம் தலையை ஆட்டினாள். மறுபடி ஆட்டினாள். சிரித்துக்கொண்டே.

நான் பார்த்தது இவ்வளவுதான். நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்து என் திரைக்குத் திரும்பிவிட்டேன்.

[அவள் காதில் ஒன்றும் விழவில்லை. ஏன் ஆட்டினீர்கள் என்று பிறகு கேட்டேன். “கேக்குதா, கேக்குதான்னு கேக்குறாகன்னு மூஞ்சியைப் பாத்தே தெரிஞ்சுச்சு. இல்லைன்னா அவுக மனசு கஷ்டப்படும். சார் வேற நாற்காலி எல்லாம் கொண்டாந்து பக்கத்துல நிக்கிறாக. எப்படி இல்லைங்கறது?”]

6

உள்ளறையில் ஸ்பீக்கரும் மைக்கும் மாட்டியபடியே இருந்தன.

“சீதை, கேக்குதா? கேக்குதா?” தெளிவான குரல். ஜெரினாவுக்கு ஒரே சந்தோஷம். “நல்லது. தலையாட்டுறே. அப்ப நீ பேசாத. நான் முதல்ல ஒண்ணு சொல்லிப்புடுறேன். நடுவுல பேசினா எனக்கு வராது.”

அவர் சொன்னார். மூச்சு விடாமல், பலமுறை சொல்லிப் பழகியவர் போல. அரை நிமிடம்.

அந்த அரை நிமிடத்தின் நடுவில்தான் ஜெரினாவுக்குப் புரிந்தது. நிரல் ஓடுவது இங்கே. குரலும் இங்கேதான் வரும். கூடத்துக்குப் போவது படம் மட்டும். அவர் மனைவிக்குச் சொல்வதை ஜெரினா கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவள் மட்டும்.

கதவைத் திறந்தாள். “அக்கா, உள்ள வாங்க! செருப்போட வாங்க!”

(ஜெரினாவின் சத்தமான குரலை அன்றுதான் கேட்டேன்.)

சீதை எழுந்து ஓடினாள். காமிரா கூடத்திலேயே இருந்தது. நாலு விநாடி கழித்து சிங்கப்பூரில் அவருக்குத் தெரிந்திருக்கக்கூடியது ஒரு காலி நாற்காலி.

“போயிட்டியா?” என்றது ஸ்பீக்கர். “சீதை? எந்திரிச்சுப் போயிட்டியா?”

“எங்க போனேன்? இங்குட்டு இருக்கேன், உள்ள! கேக்குதா?”

ஒரு பெருமூச்சு. “பயந்தே போனேன். கோவமா?”

“எதுக்குக் கோவம்?”

“இப்பச் சொன்னேனே.”

“என்ன சொன்னீக? எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“தலையாட்டினியே?”

“சும்மா ஆட்டினேன்.”



“அப்ப யாருதான் கேட்டது?”

“நான்தாண்ணே,” என்றாள் ஜெரினா. “இங்க வேலை பாக்குறேன். வேணும்னு கேக்கலை.”

சீதை அவள் கையைப் பிடித்தாள். பிடி இறுகியது. “பொம்பளையா டீச்சர்? சொல்லிப்புடுங்க.”

7

இங்கே நான் ஒரு மாதம் நின்றுவிட்டேன்.

முடிவு அ: லைன் அறுந்துவிடுகிறது. அந்தக் காலத்து லைன், யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் சீதை அமராவதிபுதூர் பஸ்ஸில் அதே பையை மடியில் வைத்துக்கொண்டு போவாள். அதை எழுத மனம் வரவில்லை.

முடிவு ஆ: ஜெரினா, ‘பேனா மாத்திட்டாராம்க்கா’ என்று ஒரு பொய் சொல்லி, எல்லோரும்

இல்லை. அவளுக்குப் பொய்யும் வராது. பொய் சொல்லவும் நிறையப் பேச வேண்டும்.

முடிவு இ: அவர் மறுபடியும் தானே சொல்கிறார். இதுதான் நியாயம். ஆனால் அவர் சொல்லவில்லை. ஜெரினாவிடம் அவர் சொன்னது இது:

“நீயே சொல்லிரு தாயி. எனக்கு இன்னொரு தடவை வராது.”

8

சீதையின் பதிலை எழுதப்போவதில்லை. அது அவர்களுடையது. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது முதலில் ஒரு சிரிப்பு, கடைசியில் “அப்ப நான் எழுதினதையெல்லாம் யாரு…” என்று பாதியில் நின்ற ஒரு கத்தல். சகாய ஆண்டனி கதவருகே நின்று சிலுவை போட்டுக்கொண்டார். அதற்கு மேல் எதுவானாலும் நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

நான் தர வேண்டியது ஜெரினா சொன்ன நாலு வாக்கியம் மட்டும். சொல்லும்போது அவள் சீதையைப் பார்க்கவில்லையாம். சர்வரில் மினுங்கிய பச்சை விளக்கைப் பார்த்தாளாம்.

“பொம்பளை இல்லக்கா. இப்ப எழுதுறது பக்கத்துக் கட்டில்ல படுக்குற தேவகோட்டை வாத்தியார் மகன். அதுக்கு முன்னாடி எழுதினது அழகுசுந்தரம்னு ஒருத்தர், அவர் ஊருக்குத் திரும்பிட்டாராம். அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.”